இரண்டு தெரு, ஒரு மணி நேரம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் சௌக்கியம்தானே?

கீழே விளக்குக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து உன் கவரைக் கொடுத்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்றே நினைத்தேன். நமக்குள் யார் கடிதம் எழுதினார்கள்? போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது, புதிது வாங்க இப்போது மனமில்லை, இனிமேல் கடிதம்தான் என்கிறாய். உன் இஷ்டம். அத்தானின் போனில் கூப்பிட்டால் "அவ குளிக்கிறா" என்கிறார், இல்லாவிட்டால் "கடையில இருக்கா" என்கிறார். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற அவர் பட்டறைச் சத்தத்தில் மீதி ஒன்றும் கேட்பதில்லை.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் வரிகளெல்லாம் சரிந்துகொண்டே போகின்றன. பள்ளிச் சீருடை வெட்டும் கட்டிங் மாஸ்டர் நீ. துணியையும் இந்த லட்சணத்தில் வெட்டினால் பிள்ளைகள் ஒரு கால் நீளம், ஒரு கால் கட்டை என்றுதான் பள்ளிக்கூடம் போகும்.

என் பிழைப்பு வாயால்தான் ஓடுகிறது. காலையில் கம்பெனி அனுப்பும் இருபது பேரை ஆற்றுப்பாலத்திலிருந்து மணிக்கூண்டு வரை ஓட்டிக்கொண்டு போகிறேன். மதியத்தில் தனி நடை: ஒருவரோ இருவரோ, அவர்கள் கேட்கும் தெருக்களில். ஜூனில் நகராட்சி வழிகாட்டி உரிமத்துக்குப் பரீட்சை. அது கிடைத்தால் கம்பெனியின் தயவு வேண்டாம், சொந்தமாகவே நடத்தலாம். நான்கு வருடத்துக்கு முன், அம்மா படுத்தபோது விட்டுப்போன அதே பரீட்சைதான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். நிறைய எழுது.

உன் தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வரி சரிகிறது என்று சிரிக்கிறாய். மடியில் வைத்து எழுதினால் அப்படித்தான். கடையில் இப்போது வேலை குறைவு. பள்ளி திறக்கும் சமயத்தில்தான் மூச்சுவிட நேரமிருக்காது. இப்போதைக்கு வீட்டில்தான் இருக்கிறேன். உன் அத்தான் சமைக்கப் பழகிவிட்டார். உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை போடுகிறார். மற்றபடி குறையில்லை.

நான் எழுதாவிட்டாலும் நீ எழுது. எந்தத் தெருவில் எந்தக் கடை, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எல்லாம் எழுது. படிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம். பரீட்சையை விடாதே. அன்றைக்கு அம்மாவுக்காக நான்தான் உன்னைக் கூப்பிட்டேன். வந்தவன் இரண்டு வருடம் ஊரிலேயே தங்கிவிட்டாய். உன்னோடு படித்தவர்களெல்லாம் உரிமம் வாங்கிவிட்டார்கள். அது என் மனதை விட்டுப் போவதே இல்லை. இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் வராதே. நான் கூப்பிட்டாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல். கடிதம் சின்னதாகிவிட்டதே, கை வலிக்கிறதா?

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற நீதிபதி. அறுபத்தாறு வயதுப் பெண்மணி. வாரம் இரண்டு நாள், மதியம் மூன்று மணிக்குத் தனி நடை, ஆறு மாதத்துக்கு என்று கம்பெனியில் பதிவு செய்தார். ஆறு மாதம் பார்க்க இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை.

முதல் நாள் பாலத்தடியில் நின்றிருந்தார். வலது கையில் தடி. இடது கை கோட்டுப் பைக்குள். நான் வழக்கம்போல் பாலத்துக்கு எத்தனை வளைவு, கட்ட எத்தனை வருடம் ஆனது என்று ஆரம்பித்தேன். "ஏழு வளைவு. ஒன்பதுன்னு சொல்றீங்க. ரெண்டை எங்கேருந்து கொண்டுவந்தீங்க?" என்றார். பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரராம். பிறகு நடந்தோம். பாலத்திலிருந்து காகிதக்கடைத் தெரு, அங்கிருந்து பழைய தபால் நிலையம். இரண்டு தெருவுக்கு ஒரு மணி நேரம். காலைக் கூட்டத்தோடு அதை எட்டு நிமிடத்தில் கடப்பேன்.

மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், எல்லாம் தெரிந்தவருக்கு நான் எதற்கு என்று. அவர் நின்றார். நடந்துகொண்டே பேசுவது அவருக்கு ஆகாது.

"எனக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாச்சு. நடக்கணும்னு டாக்டர் சொன்னார். மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். தெருவே திரும்பிப் பாவம்னு பார்த்துது. முப்பது வருஷம் நான் உள்ளே வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க தம்பி, எனக்கு அது தாங்கலை. ஒரு கைடோட நடந்தா, யாரோ ஊர் பார்க்க வந்தவங்க, அதான் நின்னு நின்னு பார்க்கறாங்கன்னு போயிடறாங்க."

அன்றிலிருந்து அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நானும் நின்று எதையாவது கைநீட்டிக் காட்டுகிறேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்கிறார். காட்டுவதற்குப் புதிது புதிதாகத் தேட வேண்டியிருப்பதால், இத்தனை நாள் பார்க்காததெல்லாம் கண்ணில் படுகிறது.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன்.

அந்த நீதிபதியம்மாவைப் பற்றி இன்னும் எழுது. படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார்? இறங்கும்போது? திரும்புவது எப்படி? பை வைத்திருக்கிறாரா, எந்தத் தோளில் மாட்டுகிறார்? கூட்டத்தில் யாராவது இடித்தால் என்ன செய்கிறார்? கால் பாதம் தரையில் இழுபடுகிறதா? எத்தனை மாதத்தில் தெருவில் நடந்தார்? பேச்சு அப்போது குழறியதா, இப்போது சரியாகிவிட்டதா? சும்மா இருக்கும்போது அழுகை வருமா என்று கேட்க முடிந்தால் கேள், மரியாதைக் குறைவாக இருந்தால் வேண்டாம்.

நம் கடைக்கு வருகிற ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி வந்திருக்கிறது. அவருக்காகக் கேட்கிறேன்.

பாலத்துக்கு ஏழு வளைவு என்பதை எழுதி வைத்துக்கொள், பரீட்சையில் கேட்பார்கள்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். இங்கே குளிர் விட்டு வெயில் வந்துவிட்டது. காலை நடையும் இரவுப் படிப்புமாக ஒரு மாதம் ஓடிவிட்டது, பதில் தாமதம்.

உன் கேள்விகளை நீதிபதியம்மாவிடமே வாசித்துக் காட்டினேன். மரியாதைக் குறைவு என்று நினைக்கவில்லை. சாட்சி சொல்வதுபோல் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பழைய தபால் நிலையத்தின் பதினொரு படிகளில் என்னை ஏறவைத்து இறங்கவைத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில். தடி எப்போதும் நல்ல பக்கத்துக் கையில். திரும்பும்போது உடம்பைத் திருகக் கூடாது, சின்னச் சின்ன அடி வைத்து வட்டமாகத் திரும்ப வேண்டும். பையைக் குறுக்கே மாட்டிக்கொள்கிறார். நான் தடி பிடித்து, காலை இழுத்து, படியேறிக் காட்டியதைப் பார்த்து ஒரு வயசாளி என் முழங்கையைத் தாங்க வந்துவிட்டார். நீதிபதியம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

பேச்சு குழறியதாம், நான்கு மாதம். யாரிடமும் போனில் பேசவில்லையாம். கண்ணாடி முன் உட்கார்ந்து தான் எழுதிய பழைய தீர்ப்புகளைச் சத்தமாகப் படித்தே சரியாக்கிக்கொண்டாராம்.

அழுகையைப் பற்றிக் கேட்கத் தயங்கினேன். கடைசிக் கேள்வி என்ன என்று அவரே கேட்டு வாங்கிச் சொன்னார்: "சாயங்காலம் நாலு மணிக்கு வரும். ஏன்னு காரணம் தேட வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அஞ்சு மணிக்குப் போயிடும்."

பிறகு, கேட்டது யார் என்றார். அக்காவின் கடைக்கு வருகிற ஒரு அம்மா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்தார்.

உன் தம்பி


ஏப்ரல் 26

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமா?

நான் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ இரண்டு கடிதம் போட்டும் பதில் வரவில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். உன் அக்காவுக்கு வேலை அதிகம். எழுத நேரமில்லை. உன் கடிதங்களைப் படிக்கிறாள். திரும்பத் திரும்பப் படிக்கிறாள். படி ஏறுவது பற்றி எழுதினாயே, அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். கடைக்கு வரும் அந்த அம்மாவுக்காக.

அந்த அம்மாவுக்கு இடது கை மூடிக்கொள்கிறது. விரல் விரிய மாட்டேன் என்கிறது. நீதிபதியம்மா அதற்கு என்ன செய்தார் என்று கேட்டு எழுது. உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு எழுது. பட்டறை முகவரிக்கு எழுது.

பரீட்சைக்கு நன்றாகப் படி. வேறு எதையும் யோசிக்காதே.

அத்தான்


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

அத்தானின் கடிதம் வந்த மறுநாள், பாலத்து பெஞ்சில் உட்கார்ந்து கை விரிப்பதைப் பற்றி நீதிபதியம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா எழுதியது ஏதாவது இருக்கிறதா என்றார். அவர் எழுதவில்லை, அக்காதான் எழுதினார் என்று பையிலிருந்த உன் கடிதங்களைக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். மூன்றையும் மடியில் அடுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

"இதை எழுதினவங்க இன்னொரு கையால தாளைப் பிடிக்கலை. எழுத எழுதத் தாள் நகர்ந்திருக்கு. என் வீட்டுல நான் எழுதினதும் இதே மாதிரி ஒரு கட்டு இருக்கு. கடைக்கு வர்ற அம்மான்னு யாரும் இல்ல தம்பி."

வாளியில் விழுந்த போன், குளித்துக்கொண்டே இருந்த அக்கா, உப்பு போடத் தெரியாத அத்தான் எல்லாம் ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. பட்டறைக்குப் போன் செய்தேன். "அக்காவுக்குத்தானே?" என்றேன். அத்தான் மோட்டாரை நிறுத்தினார். அவ்வளவு நிசப்தத்தில் அவரோடு நான் பேசியதே இல்லை. பிறகு "டிசம்பர்ல" என்றார்.

அன்றே ரயில் டிக்கெட் எடுத்தேன். நீதிபதியம்மாவிடம் சொல்லப் போனேன். அக்கா ஏன் மறைத்தார் என்று கேட்டார். அம்மாவுக்காகப் பரீட்சையை விட்டேன், மறுபடியும் விடக்கூடாது என்றுதான் மறைத்தார் என்றேன். அம்மாவுக்காக அக்கா எந்தக் கிழமை கூப்பிட்டார் என்றார். வியாழக்கிழமை என்றேன். பரீட்சையின் முதல் சுற்று முடிவு எப்போது வந்தது என்றார். பதில் வரும்வரை அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்படித்தான் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பார் போல.

அக்கா, அந்த முடிவு செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நான் தோற்றுவிட்டேன். இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வியாழக்கிழமை உன் போன் வந்தது. நான் மூட்டை கட்டினேன். அம்மாவுக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தான் என்று நீ எல்லோரிடமும் சொன்னபோது, கேட்கச் சுகமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். அதை நீ நான்கு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் இருந்துவிட்டேன்.

டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு. நீ வா என்றால் ஏறுகிறேன், அத்தான் போனில் ஒரு வார்த்தை போதும். கேட்காமலே வந்தால், உனக்காக வந்தேனா, பரீட்சைக்குப் பயந்து வந்தேனா என்று எனக்கே தெரியாமல் போகும்.

அத்தான் கேட்டதற்குப் பதில்: உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, மற்றக் கையால் மெல்ல அழுத்தி, நூறு எண்ண வேண்டுமாம். உன் கட்டிங் மேசை சரியான உயரம்.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

அத்தான் போனில் "வர வேண்டாமாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் என்று தெரியும். அவ்வளவுதான் சொல்லச் சொன்னேன். மீதி சொல்ல எனக்கு நாள் பிடித்தது.

முதல் பத்து நாள் கோபம். நான்கு வருடமாக, ஒவ்வொரு ஜூன் மாதமும், உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தானிடம் எத்தனை தடவை சொல்லி அழுதிருக்கிறேன் என்று அவரைக் கேள். நீ ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். தோற்றால் என்னடா? நான் தைக்கக் கற்றுக்கொண்டபோது ஒரு டஜன் சட்டையில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தேன். கடைக்காரர் அதையே பெட்டியில் போட்டு ஒரு வருடம் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கோபம் தானாகக் குறைந்தது. நீ ஐந்து மாதம் ஏமாந்தாய், நான் நான்கு வருடம் ஏமாந்தேன். உன்னைவிட நான் யோக்கியம் இல்லை.

டிசம்பர் நான்காம் தேதி, கட்டிங் மேசையில், நாற்பது கால்சட்டைக்குத் துணியை அடுக்கி வைத்துக் கத்தரி போட்டேன். இடது கை துணியைப் பிடிக்கவில்லை. பிடி என்று என் கையிடமே சொன்னேன். வார்த்தை வேறு மாதிரி வந்தது. அவ்வளவுதான் நினைவு. இப்போது வீட்டுக்குள் தடியோடு நடக்கிறேன். வாசலில் இருந்து தெருமுனை வரை ஒரு தடவை போனேன். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவைத் திறந்து நின்றுகொண்டார்கள். நல்லவர்கள்தான். அன்றிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. நாலு மணிக்கு வருவதும் வருகிறது. அஞ்சுக்குப் போய்விடுகிறது, நீதிபதியம்மாவிடம் சொல்.

நீ இங்கே வராதே. பரீட்சை எழுது. தோற்றால் தோற்றேன் என்று எழுது. ஆகஸ்டில் நான் அங்கே வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத தெருவில் நடந்து பார்க்க வேண்டும்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எழுத்துத் தேர்வு சுமார், நடைத் தேர்வில் தேறினேன், இரண்டும் சேர்த்து உரிமம் வந்துவிட்டது. அட்டையில் என் படம் திருடன் மாதிரி இருக்கிறது.

நடைத் தேர்வில் பரீட்சகர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். காகிதக்கடைத் தெருவை நாற்பது நிமிடம் நடத்தினேன். பாதி வழியில் கடிகாரத்தை விட்டுவிட்டார். குறிப்பில் "மிகவும் மெதுவாக நடக்கிறார், ஆனால் நிறையக் காட்டுகிறார்" என்று எழுதியிருக்கிறார். பாதி பாராட்டு நீதிபதியம்மாவுக்குப் போக வேண்டியது.

என் அறைக்கு ஐம்பத்து நான்கு படி. ஆகவே நீ தங்குவது நீதிபதியம்மா வீட்டில், கீழறையில். நான் கேட்கவில்லை, அவரே உத்தரவு போட்டுவிட்டார். "நடக்கும்போது நீங்க அக்காவை அக்கான்னு கூப்பிடக் கூடாது. கைடு கைடு மாதிரி இருக்கணும்" என்றும் சொன்னார்.

அத்தான் ரயிலேற்றி விடட்டும். இங்கே நான் பெட்டி வாசலில் நிற்பேன். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, உன்னை அப்படிப் பார்க்க. இதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

வீட்டில் தனியாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் உப்பை ஒரு தடவை மட்டும் போட்டுச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வந்த அன்று ஸ்டேஷனில் தம்பி என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், பிறகு ஸ்டேஷன் கூரையை யார் கட்டியது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அழாமல் இருக்க அவனுக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. நானும் கூரையைப் பார்த்தேன்.

தினமும் மூன்று மணிக்குக் கிளம்புகிறோம். நானும் நீதிபதியம்மாவும் இரண்டு தடியோடு முன்னால், அவன் பக்கவாட்டில். நீங்கள் நினைக்கிற மாதிரி அந்தம்மா கடுமையானவர் இல்லை. என் தம்பியை மட்டும்தான் மிரட்டுகிறார். யாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அவன் கை எங்கே காட்டுகிறதோ அங்கே போய்விடுகிறது அவர்கள் கண்.

இனி சொல்லப்போவதைக் கேட்டுப் பதற வேண்டாம். நேற்று நான் விழுந்துவிட்டேன். அடி இல்லை, முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. மணிக்கூண்டுப் பக்கம் டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது தடியின் நுனி தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. நான் ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். டிராம் மணியடித்து நின்றது. எங்கிருந்துதான் வந்தார்களோ, முப்பது பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் என்றார், ஒருவர் ஆம்புலன்ஸ் என்றார். ஒரு பெண் என் தலையைத் தடவினாள். நம் தெருவே பெயர்ந்து இங்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு வாசலில் இருந்ததைவிட அதிகமாகக் கூசியது.

தம்பி என் மேல் பாய்ந்து குனிந்தான். நீதிபதியம்மா தடியைக் குறுக்கே நீட்டி அவனை நிறுத்தினார். "தூக்காதீங்க. அவங்களுக்கு எழுந்திருக்கத் தெரியும்."

தெரியும்தான். வீட்டில் பாயைப் போட்டு உங்கள் முன்னால் எத்தனை தடவை செய்திருக்கிறேன். ஆனால் முப்பது பேர் பார்க்கும்போது கை கால் கேட்கவில்லை. நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு நிமிர்ந்தான். உரிம அட்டையைச் சட்டைக்கு மேல் எடுத்துவிட்டுக்கொண்டான். முதுகை எனக்குக் காட்டித் திரும்பி நின்று, காலைக் கூட்டத்துக்குப் பேசுகிற குரலில் ஆரம்பித்தான்:

"எல்லாரும் கொஞ்சம் எதிர்க் கட்டடத்தைப் பாருங்க. நாலாவது மாடி. அஞ்சு ஜன்னல் இருக்கு. அதுல ஒண்ணு ஜன்னலே இல்ல, சுவத்துல வரைஞ்ச படம். எதுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

ஒருவர் நிமிர்ந்தார். பிறகு பத்துப் பேர். தண்ணீர் கொண்டுவந்தவர் பாட்டிலைப் பிடித்தபடியே அண்ணாந்தார். டிராம் ஓட்டுநர் கூட ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தார். முதலாவது என்றார் ஒருவர், இல்லை நடுவில் இருப்பது என்றார் இன்னொருவர். சண்டை பிடித்துக்கொண்டார்கள். தம்பி அவர்களை விடவில்லை. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது பாருங்கள், கண்ணாடி மின்னுகிறதா பாருங்கள் என்று இழுத்துக்கொண்டே போனான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

நான் வலது பக்கம் புரண்டு உட்கார்ந்தேன். முழங்கால் போட்டேன். ஓரத்திலிருந்த இரும்புக் கம்பத்தைப் பிடித்து, நல்ல காலை முன்னால் வைத்து, எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவசரப்படவில்லை. நீதிபதியம்மா என் தடியைக் கொடுத்தார். அவர்கூட என்னைப் பார்க்கவில்லை, மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நானும் போய்க் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தேன். ஐந்தும் ஒரே மாதிரிதான் இருந்தன. என் பக்கத்தில் நின்றவர், "நீங்க என்ன சொல்றீங்க, எது?" என்று என்னைக் கேட்டார். ரெண்டாவதா இருக்கும் என்றேன். சரியாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி